வீட்டுக்கு ஏற்ற உலாவி

(எமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



 இன்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் "வீட்டுக்கு ஏற்ற உலாவி" என்பதாகும். மொழியைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசிப் பழகிய இம்மேடையில், கணினித் திரையின் மூலையிற் கிடக்கும் ஒரு சிறு படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் எமது வீடுகளில் இன்று நடைபெறும் காரியங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், மின்சாரக் கட்டணம் செலுத்துவதும், பரீட்சைப் பெறுபேற்றை அறிவதும், கனடாவிலோ இலண்டனிலோ வாழ்ந்த உறவினரின் மரண அறிவித்தலை வாசிப்பதும் பல வேளைகளில் அந்தச் சிறு படத்தை அழுத்திய பின்னரே நிகழ்கின்றன. ஆதலால் அதைப் பற்றி அரைமணி நேரம் சிந்திப்பது வீண்வேலை ஆகாது.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். "கூகிளைத் திற" என்று வீட்டிற் சொல்லுகிறோம். அப்படிச் சொல்லும்போது மூன்று வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். இணையத்தளம் என்பது நாம் போக விரும்பும் இடம். தேடுபொறி என்பது அந்த இடம் எங்கே உள்ளது என்று வழி சொல்லும் ஆள். உலாவி, அதாவது பேச்சு வழக்கில் பிரவுசர் என்பது, நாம் வெளியே போகவும் வெளியார் உள்ளே வரவும் உதவுகின்ற படலை. வீட்டின் படலையை எவரும் அலட்சியமாக விடுவதில்லை. அதன் கொளுக்கி சரியாக இருக்கிறதா, இரவிற் பூட்டப்பட்டதா, மாடு புகாதா என்று பார்க்கிறோம். உலாவி என்னும் படலையை மாத்திரம், கணினியை விற்றவர் எப்படி வைத்துத் தந்தாரோ அப்படியே விட்டுவிடுகிறோம். என் பேச்சின் சாரம் இதுவே: நாம் தெரிவு செய்யாத இடத்தில் வேறொருவர் நமக்காகத் தெரிவு செய்துவிடுகிறார். அந்தத் தெரிவை நாம் திரும்பப் பெற்றுக்கொள்வது கடினமான காரியம் அன்று.

இது வெறும் கற்பனையோ என்று ஐயுறுவோர்க்குச் சரித்திரத்திலிருந்து சில உண்மைகளை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். ரிம் பேர்னேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் சுவிற்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990 ஆம் ஆண்டில் முதலாவது உலாவியை ஆக்கினார். 1993 இல் அந்த நிலையம் தன் கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று உலகுக்கு வழங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அன்ட்ரீசன், எரிக் பீனா என்னும் இருவர் ஆக்கிய மொசேயிக் என்ற உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டிப் பொதுமக்களைக் கவர்ந்தது. அதன்பின் நெற்ஸ்கேப் வந்தது. அதற்குப் போட்டியாக 1995 இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோரர் வந்தது.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. இன்ரநெற் எக்ஸ்புளோரர் வெற்றி பெற்றதற்கு அதன் தரம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெருங்காரணம், விண்டோஸ் கணினியோடு அது கூடவே வந்தமையாகும். 1998 இல் அமெரிக்க அரசாங்கம் இதன் பொருட்டு அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் நீதிபதி கட்டளையிட்டார். அடுத்த ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கிற்று. ஆயினும் சட்டத்துக்கு மாறாகத் தன் தனியுரிமையைக் காத்துக்கொண்டது என்ற குற்றத்தை நீக்கவில்லை. ஐரோப்பாவிலோ, விண்டோஸ் கணினிகளில் மக்கள் தாமே உலாவியைத் தெரிவு செய்யும் பக்கமொன்றைக் காட்டவேண்டும் என்ற ஏற்பாடு 2010 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பக்கம் பின்னர் ஓராண்டுக்கு மேலாகப் பல கணினிகளிற் காட்டப்படாமற் போயிற்று. அதற்காக 2013 இல் மைக்ரோசொப்ற்றுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 56 கோடியே 10 இலட்சம் யூரோ. ஒரு தெரிவுப் பக்கத்தைக் காட்டாமைக்கு இத்தனை பெரிய தண்டம் என்றால், அந்தத் தெரிவின் பெறுமதி எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்புளோரரின் வாழ்வு 2022 ஆனி மாதத்தோடு முடிந்தது. இன்று அந்த இடத்தில் கூகிளின் குரோம் வீற்றிருக்கிறது. காலம் மாறினாலும் கதை மாறவில்லை. கூகிள் நிறுவனத்தின் மீது நடந்த வழக்கிலே ஒரு கணக்கு வெளிவந்தது. உலாவிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தன் தேடுபொறி முதலில் நிற்கவேண்டும் என்பதற்காக 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நிறுவனம் 2,630 கோடி டொலர் கொடுத்திருக்கிறது. தேடலில் அது சட்டவிரோதமான தனியுரிமை கொண்டுள்ளது என்று 2024 ஆவணியில் நீதிபதி அமித் மேத்தா தீர்த்தார். 2025 புரட்டாதியில் அவர் வழங்கிய பரிகாரத் தீர்ப்பில், குரோமை விற்கவேண்டியதில்லை என்றும், ஏனையோரை விலக்கும் தனி ஒப்பந்தங்களைச் செய்தல் கூடாது என்றும் கூறினார்.

சபையோரே, எவர் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய ஓர் அமைப்புக்கு இத்தனை கோடி ஏன் கொடுக்கிறார்கள்? நாம் மாற்றமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் அசட்டை அவர்களுக்கு விலைபோகும் பண்டமாக இருக்கிறது.

இனித் தெரிவைப் பற்றிப் பார்ப்போம். கடைத்தெருவிற் பல பெயர்கள் கேட்கின்றன: குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ், சபாரி, ஒப்பரா, பிறேவ், விவால்டி என்று. பெயர் பலவாயினும் உள்ளே இருக்கும் இயந்திரங்கள் முக்கியமாக மூன்றேயாம். குரோமின் இயந்திரத்தைக் கொண்டே எட்ஜ், ஒப்பரா, பிறேவ், விவால்டி ஆகியனவும் ஓடுகின்றன. சபாரி அப்பிள் நிறுவனத்தின் தனி இயந்திரத்தில் ஓடுவது. பயர்பொக்ஸ் மொசில்லா என்ற அமைப்பின் இயந்திரத்தில் ஓடுவது. பழைய நெற்ஸ்கேப் தன் மூலநிரலை 1998 இல் உலகுக்குத் திறந்துவிட்டதன் வழிவந்த பிள்ளை அது. ஐபோன் வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: எமது நாட்டில் ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே இயங்குவது அப்பிளின் இயந்திரமே. ஆகவே அங்கே சபாரியே போதுமானது.

ஒரு வீட்டுக்கு உலாவி தெரிவு செய்கிறவர் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். இதை ஆக்கியவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? என்னைப் பின்தொடர்வோரை இது தானாகவே தடுக்கிறதா? விளம்பரத் தடுப்பான் இதிற் செவ்வையாக வேலை செய்யுமா? என் பழைய கணினியில் ஓடுமா?

முதலாவது கேள்விக்கு விடை எளிது. கூகிள் விளம்பரத்தால் வாழும் நிறுவனம். மொசில்லா இலாபநோக்கற்ற ஒரு நிலையத்தின் கீழ் உள்ளது. ஆனால் நடுநிலை தவறாமற் சொல்வதாயின், அதன் வருமானத்திற் பெரும்பங்கு கூகிள் தரும் தேடுபொறிப் பணமே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முற்றிலும் தூயவர் எவருமில்லை. கூடிய அளவு தீங்கற்றவரையே நாம் தேடுகிறோம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். குக்கி என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994 இல் நெற்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொன்ருல்லி என்பவர், வாடிக்கையாளர் கூடையில் இட்ட பொருளைக் கடை மறவாமல் இருப்பதற்காக அதை ஆக்கினார். நல்ல நோக்கத்தோடு பிறந்த அது, பின்னர் விளம்பரக்காரர் கையில் அகப்பட்டு, நாம் ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போகும்போது பின்னாலே வந்து குறிப்பெடுக்கும் ஒற்றனாக மாறியது. சபாரி 2020 இல் இப்படிப்பட்ட பிறர் குக்கிகளை முற்றாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2022 இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் வெவ்வேறு சாடியில் இட்டு மூடியது. குரோமில் அவற்றை நாமே தேடிப்போய் நிறுத்தவேண்டும். தானாக நிறுத்தும் திட்டத்தைக் கூகிள் கைவிட்டது.

மூன்றாவது கேள்வி விளம்பரத் தடுப்பான். றேமண்ட் ஹில் என்பவர் 2014 இல் வெளியிட்டு, நன்கொடையும் பெறாமல் நடத்திவரும் யூபுளொக் ஒறிஜின் என்ற துணைக்கருவி மிகவும் பேர்பெற்றது. துணைக்கருவிகளுக்கான விதிகளைக் கூகிள் மாற்றியமையால், 2025 முதல் அதன் முழு வடிவம் குரோமில் இயங்குவதில்லை. சுருங்கிய வடிவமே கிடைக்கிறது. பயர்பொக்ஸில் முழு வடிவமும் கணினியிலும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியிலும் இயங்குகிறது. டேற்றாவைக் காசு கொடுத்து அளந்து வாங்குகிற எமக்கு இது சிறிய விஷயம் அன்று. நாம் கேளாத விளம்பரப் படங்களை இறக்குவதற்கும் எமது பணமே செலவாகிறது.

நான்காவது, பழைய கணினி. குரோம் 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ற் தந்த பொதுவான ஆதரவும் 2025 ஐப்பசியில் முடிந்தது. உலாவி புதுப்பிக்கப்படாத கணினியில் வங்கி வேலை செய்தல் ஆகாது.

இவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்து நான் கூறும் முடிவு இது: வீட்டுக் கணினிக்கு நாளாந்த உலாவியாகப் பயர்பொக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். சில தளங்கள் குரோமில் மாத்திரம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருப்பதால், வேறொன்றில் இடைக்கிடை தடுமாறும். அவ்வேளைக்கு எட்ஜையோ குரோமையோ துணையாக வைத்திருங்கள். குரோமே பழகிவிட்டது, விட மனமில்லை என்போர் அதிலேயே இருக்கலாம். நான் இப்போது சொல்லப்போகும் திருத்தங்களைச் செய்துகொண்டால் அதுவும் ஓரளவு ஒழுங்கான படலையாகிவிடும். தெரிவைக் காட்டிலும் திருத்தமே பெரிது என்பது என் எண்ணம்.

திருத்தங்களுள் முதன்மையானது அறிவித்தல்களைப் பற்றியது. ஏதோ ஒரு தளத்திற்குப் போகிறோம். "அறிவித்தல் அனுப்ப அனுமதிப்பீரா" என்று ஒரு பெட்டி எழுகிறது. அதை விலக்கிவிட்டு வாசிக்கும் அவசரத்தில் "அனுமதி" என்பதையே அழுத்திவிடுகிறோம். மறுநாள் தொடக்கம் திரையின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்", "நீங்கள் பரிசு பெற்றீர்கள்" என்று எச்சரிக்கைகள் வருகின்றன. அவை கணினி தருபவை என்று எண்ணி, அதிற் கண்ட இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, வங்கி விபரத்தைச் சொல்லிப் பணம் இழந்தோர் பல நாடுகளில் உளர். அவர்களுட் பலர் வயது முதிர்ந்தோர். இதற்கு மருந்து மிக எளிது. செற்றிங்ஸ் பகுதியிற் சென்று, அந்தரங்கம் என்ற தலைப்பின் கீழ் அறிவித்தல் என்பதைத் தேடி, புதிய தளம் எதுவும் அனுமதி கேளாதபடி தடுத்துவிடுங்கள். முன்னரே அனுமதி பெற்றுவிட்ட தளங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கும், வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள். இன்றிரவு ஒரேயொரு திருத்தந்தான் செய்வேன் என்போர் இதையே செய்க.

இரண்டாவது, எழுத்தின் அளவு. எமது பெற்றோர் கண்ணாடியைத் தூக்கித் தூக்கித் திரையைப் பார்க்கின்றனர். கொன்ரோல் என்ற விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்துப் பெருக்கும். செற்றிங்ஸில் எப்போதும் பெரிய எழுத்தே தோன்றும்படியும் வைக்கலாம். பயர்பொக்ஸிலும் எட்ஜிலும் வாசிப்புப் பார்வை என்று ஒன்று உண்டு. பொருத்தமான பக்கத்தில் அதை அழுத்தினால், விளம்பரமும் ஆரவாரமும் மறைந்து கட்டுரை மாத்திரம் புத்தகத்தாள்போல நிற்கும். எட்ஜ் உலாவி பக்கத்தை உரத்து வாசிக்கவும் வல்லது. அதன் குரல்களில் இலங்கைத் தமிழுக்கென அமைந்த இரண்டும் உள்ளன. பார்வை குன்றிய பாட்டனார் ஒருவருக்கு இது எத்துணை உபகாரம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, மொழி. ஒரு காலத்தில் தமிழ்த் தளமொன்றை வாசிக்க, பாமினி முதலிய எழுத்துருவைத் தனியே இறக்கிவைக்கவேண்டி இருந்தது. இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். யூனிகோட் பரவியபின் அத்தொல்லை நீங்கிற்று. இன்று குரோமையும் பயர்பொக்ஸையும் தமிழிலேயே நடத்தலாம். ஆங்கிலம் அறியாத தாய்மாரும் என்ன கேட்கப்படுகிறது என்று அறிந்து விடை சொல்வதற்கு இது உதவும். தெரியாத மொழியில் வரும் கேள்விக்கு ஆம் என்று சொல்வதே பல ஏமாற்றங்களுக்கு வாயில்.

நான்காவது, ஆளுக்கொரு அறை. ஒரே கணினியைத் தந்தையும் மகளும் தம்பியும் உபயோகிக்கும் வீடுகளே எம்மிடையே அதிகம். குரோம், எட்ஜ் ஆகியவற்றிலும் அண்மைக்காலப் பயர்பொக்ஸிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் புரொபைல் அமைக்கலாம். அப்போது ஒருவருடைய அடையாளக்குறிகளும் கடவுச்சொற்களும் மற்றவருடையவற்றோடு கலவா. எனினும் இது ஒழுங்குக்கான தட்டியேயன்றிப் பூட்டு அன்று. விரும்பியவர் ஒரு அழுத்தில் அடுத்த அறைக்குப் போகலாம். ஆதலால் பொதுக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமிக்கவேண்டாம்.

ஐந்தாவது, அடையாளக்குறி. வங்கி, மின்சார சபை, பாடசாலை, பத்திரிகை என்று வீட்டார் நாளும் போகும் பத்து இடங்களை மேற்பட்டையிற் பெயரோடு வரிசையாக வையுங்கள். இது சௌகரியத்துக்காக மாத்திரம் அன்று. வங்கியின் பெயரைத் தேடுபொறியில் இட்டுத் தேடும்போது, அதே தோற்றமுள்ள போலித்தளம் விளம்பரமாக முன்னே நிற்கக்கூடும். ஒருமுறை சரிபார்த்து வைத்த குறியை அழுத்துவோர்க்கு அந்த ஆபத்து இல்லை.

ஆறாவது, துணைக்கருவிகளை அளவோடு வையுங்கள். ஒரு துணைக்கருவிக்கு நீங்கள் பார்க்கும் பக்கங்கள் அனைத்தையும் வாசிக்கும் அதிகாரம் கிடைத்துவிடக்கூடும். கிரேற் சஸ்பென்டர் என்ற துணைக்கருவி பல ஆண்டுகள் நல்ல பெயரோடு விளங்கியது. 2020 இல் அது வேறு கைக்கு மாறியது. 2021 மாசியில், தீங்கான நிரல் உள்ளதென்று கூகிள் அதை நீக்கிற்று. நேற்று நல்லவன் என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது. ஒன்று அல்லது இரண்டு போதும்.

ஏழாவது, தானாக ஓடும் காணொளியை நிறுத்துவதும், உலாவி தானே புதுப்பித்துக்கொள்ள விடுவதும். முன்னது டேற்றாவை மிச்சப்படுத்தும். பின்னது படலையின் ஓட்டையை அடைக்கும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. மறைவு நிலை என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எவரும் எம்மைக் காணார் என்று பலர் நம்புகின்றனர். அது இந்தக் கணினியில் வரலாற்றை எழுதிவைக்காது, அவ்வளவே. நீங்கள் போகும் தளமும் இணைய இணைப்பைத் தரும் நிறுவனமும் உங்களைக் காண்பதை அது தடுக்காது. இது குறித்து அமெரிக்காவில் 2020 இல் கூகிளின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு, திரட்டிய பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024 இல் இணங்கியதோடு முடிவுக்கு வந்தது.

"என்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சிலர் கேட்பர். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவரும் வேலி அடைக்கிறார், படலை போடுகிறார். வருவோர் கூப்பிட்டு, அனுமதி பெற்று வரவேண்டும் என்பதே அதன் கருத்து. "எனக்கு இவை விளங்காது" என்று வேறு சிலர் சொல்வர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. விளங்கிய நாம் அருகிலிருந்தும் செய்து கொடுக்காமையே குறை.

ஆகையால் வாலிப நண்பர்களை ஒன்று வேண்டுகிறேன். இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டுக் கணினியிலும், அயலில் தனித்து வாழும் முதியவர் ஒருவரின் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ, நான் சொன்ன திருத்தங்களை அவருடைய சம்மதத்தோடு செய்து கொடுங்கள். செய்யும்போது அவரையும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, திரை ஒன்றையே துணையாகக் கொண்டிருக்கும் தாய் தந்தையர் எமது ஊர்களிற் பலர். அவர்களுடைய சேமிப்பும் மனநிம்மதியும் அந்தத் திரையின் மூலையில் எழும் ஒரு பொய்யான பெட்டியால் அழிந்துபோக நாம் விடலாகாது.